காளானும் குறியீடும்: ‘ஆலிஸ்’ புதின விளக்கங்களின் வரலாறு

லூயி கரோலின் ‘அற்புத உலகில் ஆலிஸ்’ 1865-இல் வெளிவந்தது. ஆக்சுபோர்டில் கணித விரிவுரையாளராக இருந்த சார்லஸ் டாட்சனின் புனைபெயரே லூயி கரோல். 1862 சூலை 4-ஆம் நாள் படகில் சென்றபோது மூன்று சிறுமியர்க்கு அவர் சொன்ன கதை, 1864-இல் கையெழுத்துப் படியாகி, பின்னர் விரிந்து நூலாயிற்று. குழந்தைகளுக்கான இக்கனவுக் கதை இருபதாம் நூற்றாண்டில் இருவேறு குறியீட்டு விளக்கங்களுக்கு உட்பட்டது.

முதலாவது உளப்பகுப்பாய்வு விளக்கம். 1933-இல் அந்தோனி கோல்ட்சுமிட், பூட்டிய கதவையும் சாவியையும் பாலியல் குறியீடுகளாகக் கண்டார். அக்கட்டுரையை நையாண்டி எனக் கருதுவோரும் உளர். 1935-இல் வில்லியம் எம்ப்சன், வளைக்குள் வீழ்வதையும் கண்ணீர்க் குளத்தையும் பிறப்போடு இணைத்தார். உளமருத்துவர் பால் சில்டர் கதையிலுள்ள கொடுமையைச் சுட்டி, அது குழந்தைகளுக்கு ஏற்றதா என வினவினார்.

இரண்டாவது சைக்கடெலிக் விளக்கம். எல்.எஸ்.டி. என்னும் பொருளை 1938-இல் உருவாக்கிய ஆல்பர்ட் ஹாஃப்மன், அதன் மனவிளைவை 1943-இல்தான் அறிந்தார். ‘மனத்தை வெளிப்படுத்துவது’ என்னும் பொருள்பட, ‘சைக்கடெலிக்’ என்ற சொல்லைக் கிரேக்க வேர்களிலிருந்து ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் ஆக்கியது 1950-களில். 1967-இல் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ‘வெள்ளை முயல்’ பாடல் இவ்விளக்கத்தைப் பரப்பியது. ஆக, விளக்கத்திற்குரிய சொல்லே நூலுக்குத் தொண்ணூறு ஆண்டுகள் பிந்தியது.

அக்கால இங்கிலாந்தில் அபினிக் கரைசல் எளிதில் கிடைத்தது உண்மையே. ஆயினும் கரோல் அதன் மயக்கத்தில் எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. மூலபாடமும் இதற்குத் துணைநிற்கவில்லை. காளானை உண்ட ஆலிஸுக்கு உடலளவே மாறுகிறது. சிந்தனைத் தெளிவு குன்றவில்லை.

இங்குப் பாடவேறுபாடு ஒன்று கருதத்தக்கது. கையெழுத்துப் படியில் காளானின் குடைப்பகுதி உயரத்தைக் கூட்டும், தண்டு குறைக்கும். அச்சு நூலிலோ ஒரு பக்கம் கூட்டும், மறுபக்கம் குறைக்கும். வட்டமான பொருளுக்குப் பக்கம் எது என ஆலிஸ் திகைக்கிறாள். இரு கைகளையும் நீட்டி, கைக்கொரு துண்டாகப் பிட்டெடுக்கிறாள். திருத்தத்தின்வழி ஆசிரியர் புகுத்தியது போதையன்று. சொல்லின் சுட்டுப்பொருள் பற்றிய புதிர்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது முதன்மையானது. ‘காளான்’ என்பதைப் ‘போதைக் காளான்’ எனப் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத முடிவு வாசகர்மேல் சுமத்தப்படும். பக்கம் பற்றிய புதிரும் மங்கும். கம்பளிப்புழு புகைக்கும் ‘ஹூக்கா’ அரபு வேரிலிருந்து இந்தியா வழி ஆங்கிலம் புகுந்த சொல். அதை அவ்வாறே கொள்வது தகும். கஞ்சாவை நினைவூட்டும் சொல்லை அங்கு இடுதல் நூறாண்டு பிந்திய விளக்கத்தை மூலத்தில் ஏற்றுவதாகும்.

குறியீட்டு விளக்கங்கள் அவை எழுந்த காலத்தின் மனத்தைக் காட்டும் ஆவணங்கள், அவ்வகையில் மதிப்புடையவை. அவற்றுக்குரிய இடம் ஆய்வுரையே, பெயர்ப்புப் பாடமன்று.