இரண்டு விடியல் பார்த்த விமானம்

சங்க விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் நாம் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம்ப்பா ஃப்ளைட்டு?" என்றுதான். எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காததும் சரிதான். தூரம் அப்படியே இருக்கிறது; காலந்தோறும் மாறி வந்திருப்பது நேரம் மட்டுமே. அதற்கு ஒரு சரித்திரச் சான்று சொல்கிறேன், கேளுங்கள்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த விமானப் பாதை அறுந்தது. போர்க்காலத்தில் கடிதமும் உத்தரவும் போய்ச் சேர வேண்டுமே! ஒரே வழிதான் மிச்சம்: இந்துமகா சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டுவது.

1943-ல் குவாண்டாஸ் நிறுவனம் அதைத் தொடங்கியது. ஒரு முனை மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம். மறுமுனை நமக்கு ரொம்பப் பக்கம்: இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல ஏரி. ஆம், ஏரிதான். பறந்தவை தண்ணீரில் இறங்கும் கட்டலினா விமானங்கள். இடைத் தூரம் சுமார் 5,650 கி.மீ. வேகமோ மணிக்கு 200 கி.மீ. அளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், 28 மணி நேரம் ஆகிறது! எதிர்காற்று அடித்தால் இன்னும் கூடும். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம்.

நடுவில் எங்கும் இறங்கிப் பெட்ரோல் போடுவது கிடையாது. அதனால் விமானம் முழுக்க எரிபொருள். மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான் இடம். எதிரி காதில் விழக்கூடாது என்பதால் ரேடியோவும் மௌனம். இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். வானத்திலேயே இரண்டு முறை சூரியோதயம் பார்த்த பயணிகளுக்கு 'இரட்டை விடியல் ரகசியக் குழு' உறுப்பினர் என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. போர் முடிந்ததும், அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்ற அந்த விமானங்களை ஒப்பந்தப்படி கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

1944-ல் வந்த லிபரேட்டர் விமானம் அதே சமுத்திரத்தைச் சுமார் 17 மணி நேரத்தில் கடந்தது. 2018 மார்ச்சில் அதே குவாண்டாஸ், பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேராகப் பறந்தது. தூரம் ஏறத்தாழ 14,500 கி.மீ., நேரம் அதே 17 மணி!

தம்பி, தங்கைகளே! இன்ஜின் மாறியது, எரிபொருள் சிக்கனம் வந்தது. ஆனால் நடுக்கடல் இருட்டில் ஒரு பென்சிலையும் நட்சத்திரத்தையும் நம்பிக் கணக்குப் போட்டவர்கள்தான் இந்தப் பாதையை முதலில் போட்டவர்கள். அடுத்த முறை விமானத்தில் ஜன்னலோரம் உட்காரும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.