துருகம்

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையில் உள்ள தியாகதுருகம், தன் மலைக்கோட்டையின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டது. பின்பாதியான ‘துருகம்’, வடமொழித் ‘துர்க்க’த்தின் தமிழ் வடிவம். துர் என்றால் அரிது. கம் என்றால் செல்வது. சென்றடைய அரிய இடம் துர்க்கம். ரகர மெய்யை அடுத்து இன்னொரு மெய் வந்து நாவில் இடறும்போது தமிழ் நடுவே ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். தர்மம் தருமம் ஆனதும் வர்ணம் வருணம் ஆனதும் அப்படித்தான். துர்க்கம் துருக்கமாகி, பிறகு ஒற்றும் உதிர்ந்து துருகமாயிற்று.

இந்தச் சொல்லின் பொருளில் மதில் இல்லை, வாயில் இல்லை, கொத்தளம் இல்லை. சென்றடைவது கடினம் என்பது மட்டுமே இருக்கிறது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் நீர், மலை, பாலை, காடு என்று துர்க்கத்தை நான்காகப் பிரிக்கிறது. நான்கும் இயற்கை தந்த தடைகள். மனிதர் எழுப்பும் சுவர் அவற்றின் குறையை நிரப்ப வந்தது.

தமிழில் இதற்குப் பழைய சொல் அரண். திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. வள்ளுவரும் நீர், நிலம், மலை, காடு என்று நான்கைத்தான் அரணாகச் சொல்கிறார். மதிலைத் தனியே குறிக்க எயில், இஞ்சி, புரிசை என்று வேறு சொற்கள் இருந்தன. அரணை முற்றுகையிட்டுக் கைப்பற்றும் போருக்குத் தொல்காப்பியம் உழிஞை என்று பெயரிட்டது. உள்ளிருந்து காக்கும் போரைப் பிற்கால இலக்கணம் நொச்சி என்று தனித் திணையாக்கியது.

மலையே அரணாக நின்றதற்குச் சங்க இலக்கியத்தில் மிகத் தெளிவான சான்று பாரியின் பறம்பு. மூவேந்தரும் சூழ்ந்து நின்றபோது கபிலர் மதிலின் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை. உழாமலே கிடைக்கும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றையும், சுனைகளையும்தான் எண்ணிச் சொன்னார். உணவும் நீரும் உள்ளேயே கிடைக்கும் மலையை வெளியில் இருப்பவன் பட்டினி போட்டுப் பணியவைக்க முடியாது என்ற போர் நுணுக்கத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன புலவர் வேறு யாருமில்லை. அந்தக் கபிலர் உயிர்விட்ட இடமாகச் சொல்லப்படும் கபிலர் குன்று, தியாகதுருகம் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றுக்குள் இருக்கிறது. அந்த ஊரை ஆண்ட திருமுடிக்காரி மலையமான் மரபினன். பாரியைப் போலவே அவனும் ஒரு மலைக்கு, முள்ளூர் மலைக்கு, உரியவன்.

விஜயநகர, நாயக்கர் காலங்களில் கன்னடமும் தெலுங்கும் ஆட்சியோடு வந்தபோது துர்க்கம் என்ற பெயர் மலைதோறும் பரவியது. கன்னட நாட்டுச் சித்ரதுர்கா, ஆந்திரத்து ராயதுர்கம் வரிசையில் தமிழகத்தில் தியாகதுருகமும் சங்ககிரி துர்க்கமும் நிற்கின்றன. செஞ்சியின் மூன்று மலைகளில் ஒன்று சந்திராயன் துர்க்கம். ஆங்கிலேயர் இச்சொல்லை ‘துரூக்’ என்று எழுதினார்கள். குன்னூருக்கு அருகிலுள்ள மலைக்கோட்டை ஒன்றை இன்றும் அந்த ஒலிப்பிலேயே குறிப்பிடுகிறார்கள்.

துர்க்கம் எப்படி வேலை செய்தது என்பதைச் செஞ்சியின் ராஜகிரியில் கண்கூடாகக் காணலாம். சுமார் 800 அடி உயரப் பாறை. அடுத்தடுத்த வாயில்களைக் கடந்து உச்சியை நெருங்கும் இடத்தில் பாறை பிளந்து நிற்கிறது: அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் அப்பால் இருக்கும் சிலர் ஒரு படையை நிறுத்திவைக்கலாம். மேலே சுனைநீர் உண்டு, களஞ்சியங்கள் உண்டு. 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்ததற்கு இவை போதுமான விளக்கம்.

தியாகதுருகத்தின் கதை 18ஆம் நூற்றாண்டில் வேகம் கொள்கிறது. 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூரின் படையுதவிக்கு ஈடாக இக்கோட்டையை ஐதர் அலிக்கு விட்டுக்கொடுத்தார். 1761இன் தொடக்கத்தில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தனர். 1790இல் திப்பு சுல்தான் தாக்கியபோது, வந்தவாசியை முன்பு காத்துநின்ற பிளின்ட் என்ற அதிகாரி இங்கும் தாக்குப்பிடித்தார்.

அந்தக் காலத்தில் கோட்டைத் தலைவனுக்குக் ‘கில்லேதார்’ என்று பெயர். ‘கில்லா’ என்பது ‘கல்ஆ’ என்ற அரபுச் சொல், பாரசீகம் வழியாக இங்கு வந்தது. அதே சொல் துருக்கியில் ‘காலே’ ஆகி, அல்பேனியாவில் ‘கலா’ ஆயிற்று. அந்நாட்டின் தெற்கே கற்பலகைக் கூரை வீடுகள் சரிவெங்கும் அடுக்கியிருக்க, உச்சியில் பெருங்கோட்டை நிற்கும் ஜிரோகாஸ்தர் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம். 1336இல் ஆர்கிரோகாஸ்திரோன் என்ற பெயரோடு அது வரலாற்றுக்குள் வருகிறது. கிரேக்கம் அறிந்தவர் காதுக்கு அது ‘வெள்ளிக்கோட்டை’.

கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்கும் பெயரில் வெள்ளி உண்டு. ஆனால் இங்கே மலையே காவலாக இருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வளைந்து ஏறும் சாலை இல்லாத நாளில், கீழ்நாட்டு அதிகாரம் மேலே ஏறுவது எளிதாக இருந்திருக்காது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை, நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. துர்க்கம் என்ற சொல்லின் வேர்ப்பொருளுக்கு, சாந்து பூசிய எந்தச் சுவரையும்விட இந்த மலை நெருக்கமானது. இன்று வெள்ளிமலை ஒரு வட்டத்தின் தலைமையிடம்.

இத்தனை சொற்களுக்கு நடுவே நிலைத்தது கோட்டை. கன்னடத்தில் கோட்டே, தெலுங்கில் கோட்டா. திராவிட வேருடைய இச்சொல் வடமொழிக்குள் ‘கோட்ட’ என்று புகுந்து, கடல் கடந்து மலாயில் ‘கோத்தா’ ஆயிற்று. கோத்தா பாருவிலும் கோத்தா கினபாலுவிலும் மலேசியத் தமிழர் நாள்தோறும் உச்சரிப்பது அதைத்தான். தமிழில் அதன் பொருள் பெருகிக்கொண்டே போனது: தென்மாவட்டங்களில் நெல்லளவு, நிலவைச் சுற்றிய ஒளிவட்டம், நிறைவேறாத ஆசைக்கு மனக்கோட்டை.

துருகமோ புதுப்பொருள் எதுவும் கொள்ளாமல் ஊர்ப்பெயர்களில் தங்கிவிட்டது. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் தமிழகத்துக்கு உரியது செஞ்சி ஒன்றே. தியாகதுருகத்துக்கும் சங்ககிரிக்கும் அந்தக் கவனம் இன்னும் கிடைக்கவில்லை; கிடைக்க வேண்டும்.