பிறந்ததே குற்றம்: கோயாவின் கூம்புத் தொப்பிகள்

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தேடிப் போவது கோயாவின் ‘கறுப்பு ஓவியங்களை’த்தான். மொத்தம் 14. காது கேட்கும் திறனை இழந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, தன் வீட்டுச் சுவர்களிலேயே அவர் வரைந்தவை. பெற்ற பிள்ளையைக் கடித்துத் தின்னும் கடவுள், ஆட்டுக்கிடா உருவில் சாத்தான், அவனைச் சுற்றிச் சூனியக்காரிகள். நானும் அவற்றின் முன் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறையைத் தாண்டியதும் பயமும் போய்விட்டது.

போகாமல் கூடவே வந்தவை வேறு. 1808க்கும் 1814க்கும் இடையில் ஒரு குறிப்பேட்டில் அவர் மையால் வரைந்த சிறிய படங்கள். கூம்புத் தொப்பி மாட்டப்பட்ட மனிதர்கள். பார்த்தால் ஏதோ மாயக்கதைப் பாத்திரங்கள் போலத் தெரியும். ஆனால் அந்தத் தொப்பி கற்பனையல்ல. ‘இன்குவிசிஷன்’ என்ற மத விசாரணை மன்றம் தன் கைதிகளை ஊர் நடுவே அவமானப்படுத்த மாட்டிவிட்ட தொப்பி அது. ஒவ்வொரு படத்திலும் குற்றம் என்னவென்று கோயா எழுதியிருக்கிறார். வேறு இடத்தில் பிறந்ததற்காக. யூத வம்சத்தில் வந்ததற்காக. தான் விரும்பியவரை மணந்ததற்காக.

கடைசித் தலைப்பைப் படித்தபோது எனக்கு யார் யார் நினைவுக்கு வந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1449இல் டோலிடோ நகரம், கிறித்தவத்துக்கு மாறிய யூதர்களின் வழிவந்தவர்கள் நகரப் பதவிகளில் இருக்கக் கூடாது என்று விதி செய்தது. மதம் மாறினாலும் ரத்தம் மாறாதாம்! ‘ரத்தத் தூய்மை’ என்று இதற்குப் பெயர். பிறகு பேராலயங்கள், துறவற சபைகள், கல்லூரிகள் எனப் பலவும் இதைப் பின்பற்றின. உள்ளே நுழைய வேண்டுமானால் பாட்டன் பூட்டன் யாரென்று நிரூபிக்க வேண்டும். தண்டிக்கப்பட்டவரின் அவமான அங்கியைப் பெயரோடு தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். அவர் இறந்த பிறகும் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துத் தலைகுனிய வேண்டும். மதம் மாறியும் விடாமல் துரத்தும் பிறப்பு நமக்குத் தெரியாததா?

ஸ்பெயினைப் போலவே போர்ச்சுகலிலும் இந்த ரத்தக் கணக்கு இருந்தது. அங்கிருந்து கடல் கடந்து நம் கரைக்கு வந்தவர்கள் இங்கிருந்த சாதியைக் கண்டு ‘காஸ்டா’ என்றார்கள். குலத்தையும் வம்சத்தையும் குறிக்க அவர்களிடம் ஏற்கெனவே இருந்த சொல் அது. ஆங்கிலம் சாதிக்குச் சொல்லும் ‘காஸ்ட்’ அதிலிருந்து வந்ததுதான்.

1813இல் காடிஸ் நாடாளுமன்றம் மத விசாரணை மன்றத்தை ஒழித்தது. அடுத்த ஆண்டே அரசர் ஏழாம் பெர்னாண்டோ அதை மீட்டுக்கொண்டு வந்தார். இறுதியாக ஒழிந்தது 1834இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே கோயா இறந்துவிட்டார்.

பேய்களை வரைந்தவர் என்றே அவரைக் கொண்டாடுகிறோம். அந்தத் தொப்பிக்காரர்களின் படங்களில் பேய் இல்லை, சாத்தானும் இல்லை. ஒரு மனிதரும், அவரைத் தண்டிக்க இன்னொரு மனிதர் சொன்ன காரணமும் மட்டுமே இருக்கின்றன.