1855-இல் வட்டுக்கோட்டையில் மூடப்பட்டது எது?

யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகருக்குப் போகிற வழியில், பொன்னாலைப் பாலத்தை எட்டுவதற்கு முன்னே வரும் பெரிய ஊர் வட்டுக்கோட்டை. அதற்கப்பால் ஆழமில்லாத கடல். கடலுக்குள் காரைநகர், அதையும் தாண்டினால் ஊர்காவற்றுறையும் மற்றத் தீவுகளும். குடாநாடு முடிந்து தீவகம் தொடங்கும் இந்த விளிம்பில்தான் அமெரிக்க மிசனரிமார் 1823-இல் ஓர் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி என்று அறியப்பட்ட அது 32 ஆண்டுகள் நடந்து 1855-இல் மூடப்பட்டது. ஈழத்துக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு பொற்காலத்தின் எழுச்சியும் வீழ்ச்சியுமாகச் சொல்லிவிட்டு 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரிக்குத் தாவிவிடுவது வழக்கம். அந்தப் பதினேழு ஆண்டு இடைவெளியை வெறுமையாக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. செமினரி கண்ட வளர்ச்சியில் கணிசமான பங்கு, அதன் கதவு சாத்தப்பட்ட பிறகு வந்தது. அங்கே ஊறிப்போயிருந்த ஒரு படிப்புமுறை கட்டடத்தையும் நிருவாகத்தையும் மதத்தையும்கூட விட்டு வெளியேறி, வேறு கைகளில் தழைத்ததே அதற்குக் காரணம்.

அந்தப் படிப்புமுறை எப்படி அமைந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மிசனரிமார் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்துப் பழைய கோயில் வளவுகளில் குடியேறினார்கள். வர இடங்கொடுத்த தேசாதிபதி பிரவுன்றிக்கின் தயவு அவருக்குப் பின் நீடிக்கவில்லை. அடுத்து அதிகாரத்துக்கு வந்த பார்ன்ஸ் அமெரிக்கர்மீது நம்பிக்கை வைக்கவில்லை. புதிய மிசனரிமார் வருவதையே தடுத்தார். தமிழ் இளைஞருக்கான ஒரு கல்லூரித் திட்டத்தை மிசனரிமார் 1823-இல் அச்சிட்டு வெளியிட்டும் கல்லூரிக்குரிய சாசனம் கிடைக்கவில்லை. பட்டம் வழங்கும் உரிமை இல்லாமல், செமினரி என்ற எளிய பெயரோடு, நூற்றுச் சொச்ச மாணவரோடு அது நடந்தது. முதல் அதிபர் டானியல் பூவர் இந்தக் குறையைச் சுதந்திரமாகவே பயன்படுத்தினார் என்று சொல்லலாம். எந்தப் பல்கலைக்கழகத்தின் பாடவிதானத்துக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலமும் கணிதமும் வானியலும் மெய்யியலும் வேதாகமமும் கற்பித்த அதே கூரையின் கீழ் நன்னூலும் திருக்குறளும் கற்பிக்கப்பட்டன, சமஸ்கிருதமும் இடம்பெற்றது. அமெரிக்காவில் செலவை ஏற்ற உபகாரிகளின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டதால் கறோல், ஆர்னல்ட், நெவின்ஸ் என்ற பெயர்களில் தமிழ்ப் புலமையாளர் உருவானார்கள். நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் கிறிஸ்தவத்தைப் பற்றி நூலெழுதிய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு நிகரானது இது என்று மதிப்பிட்டார். சாசனம் தர மறுத்த அரசின் உயர் அதிகாரி ஒருவர் சில பத்தாண்டுகளுக்குள் இப்படி எழுத நேர்ந்தது என்பது கவனிக்கத் தக்கது.

இந்த முறையை ஆக நெருக்கமாகக் காட்டுவது 1829 மார்ச் மாதச் சந்திரகிரகணம். வட்டுக்கோட்டையில் பஞ்சாங்கம் கணித்துவந்த விசுவநாத சாஸ்திரியார் கிரகணத்தை முன்கூட்டியே கணித்திருந்தார். பூவர் ஐரோப்பிய வானியலின்படி அதையே கணித்தார். தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் காலம் ஆகியவற்றில் இரண்டும் ஒத்துவரவில்லை. ஊரறிய வேறுபாடு பேசப்பட்டது. இரவில் வானத்தைப் பார்த்துச் சரிபார்த்தார்கள். பூவரின் கணிப்பே பொருந்தியது. மிசனரி அறிக்கைகளில் இது ஒரு வெற்றிக்கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. வென்ற தரப்பு பஞ்சாங்கத்தைத் தூக்கி எறியவில்லை. பூவருக்குப் பின் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் பஞ்சாங்கக் கணிதத்துக்கு ஆதாரமான வானியலைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் 1848-இல் யாழ்ப்பாணத்து மிசன் அச்சகத்தில் நூலாக அச்சிட்டார். அதோடும் அவர் நிற்கவில்லை. மெய்கண்டாரின் பன்னிரண்டு சூத்திரங்களான சிவஞானபோதத்தையும் உமாபதி சிவாசாரியாரின் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். உடல்நலம் கெட்டு நாடு திரும்பிய பின், 1854-இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் அவை வெளிவந்தன. மேற்குலகம் சைவ சித்தாந்த சாத்திரங்களை முழுமையாகப் படிக்க வாய்த்த தொடக்க வழிகளில் ஒன்று, இந்தப் பனங்கூடல்களுக்கு நடுவிலிருந்த பள்ளிக்கூடம் போட்டது. ஆன்மா, மலம், அருள் என்ற சொற்களுக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவப் போதகர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்காமல் அந்த வேலை முடிந்திருக்காது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். இவர்கள் சைவத்தைப் படித்தது மறுப்பதற்காக. கிரகணத்தைக் கணித்தது ஊராரின் நம்பிக்கையை உடைப்பதற்காக. மதமாற்றத்துக்கென நடந்த இடத்தை ஆழ்ந்து சிந்திக்கும் கல்விக்கூடம் என்று எப்படிச் சொல்லலாம்? நோக்கத்தைப் பற்றிய அந்தக் கூற்று முற்றிலும் உண்மை. மிசனரிமார் அதை மறைத்ததுமில்லை. ஆனால் ஒரு முறையின் பயன் அதை ஏற்படுத்தியவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. எதிராளியின் நூலை அவனுடைய மொழியிலேயே, மூலத்தோடு வைத்து, சொல்லுக்குச் சொல் படித்துவிட்டுத்தான் பேசுவது என்ற ஒழுங்கை மாணவர் அங்கே பழகினார்கள். பழகியவர்கள் அதை எந்தப் பக்கத்துக்கும் எடுத்துச் செல்லலாம்; எடுத்தும் சென்றார்கள். செமினரியின் ஆகச் சிறந்த மாணவர்களான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார்கள். மதமாற்ற நிலையம் என்ற கணக்கில் அது தோல்வி. கல்விக்கூடம் என்ற கணக்கில், ஆசிரியர் விரும்பிய விடையைத் தாண்டித் தன் விடையைத் தேடும் மாணவரை உருவாக்கியதைவிடப் பெரிய சான்று வேறு வேண்டியதில்லை.

அந்த முதற்கணக்கை வைத்துத்தான் 1855-இல் தீர்ப்பு எழுதப்பட்டது. அமெரிக்க மிசனின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரு தூதுக்குழு வந்தது. ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்துக்கான ஏணியாகிவிட்டது, படித்தவர்கள் சபைக்கும் ஊருக்கும் அந்நியராகிறார்கள், ஊழியருக்குத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது ஆண்டர்சனின் வாதம். இதில் பிழையான பகுதியைவிடச் சரியான பகுதி கூட. தாய்மொழிவழிக் கல்விக்காக ஒரு வெளிநாட்டார் அந்தக் காலத்தில் பேசியதே பெரிது. அவர் சொன்ன உத்தியோக மோகம் பிற்பாடு யாழ்ப்பாணத்தையே ஆட்கொண்டது. அவர் பிழைத்தது ஓரிடத்தில்தான். செமினரியை ஓர் ஆங்கிலப் பள்ளி என்று எண்ணிவிட்டார். உண்மையில் அது இருமொழிப் பள்ளி. அதன் பலம் இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று உரசும் இடத்தில் இருந்தது. முதல் அதிபர் பூவரும் அதே ஆண்டில் மானிப்பாயில் கொள்ளைநோயால் இறந்தார். அதற்குச் சற்று முன்னர்வரை அதிபராயிருந்த சைரஸ் மில்ஸ் மனைவி சூசனோடு நாடு திரும்பி, பின்னர் கலிபோர்னியாவில் பெண்களுக்கான மில்ஸ் கல்லூரியை உருவாக்கினார். அந்தக் கல்லூரி 2022-இல் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சிறிய கல்விக்கூடங்களைத் துரத்தும் பணமும் எண்ணிக்கையும் பற்றிய கேள்வி வட்டுக்கோட்டைக்கு மட்டும் உரியதாய் இருந்ததேயில்லை.

மூடிய பின் நடந்ததைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கி முதன்முதலாக பி.ஏ. பரீட்சையை நடத்தியபோது அதில் தேறியவர்கள் தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். பட்டம் வழங்க உரிமையில்லாத, இரண்டு ஆண்டுக்கு முன் மூடப்பட்ட பள்ளியொன்று ஒரு மாகாணத்துக்கே முதல் பட்டதாரிகளைக் கொடுத்திருந்தது. தாமோதரம்பிள்ளை சென்னையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏடு தேடினார். வீரசோழியத்தை 1881-இலும் கலித்தொகையை 1887-இலும் அச்சேற்றினார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் பார்க்கும் பொறுமையைச் செமினரி மட்டுமே தந்தது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் வந்த தமிழும் ஆறுமுக நாவலரின் முன்மாதிரியும் அதில் உண்டு. ஆயினும் மூலத்தை முன்னே வைத்து வாதிடும் பழக்கத்தின் தடம் அந்தப் பதிப்புரைகளில் தெளிவாகத் தெரிகிறது. மருத்துவத்திலும் இதே கதை. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதலிய பாடநூல்களைத் தமிழாக்கியது ஆண்டர்சனின் கொள்கைக்குக் கிடைத்த வெற்றி என்பார்கள். அந்த வெற்றிக்குத் தோள்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் செமினரியில் ஆங்கிலமும் தமிழும் சேர்த்துப் படித்தவர்கள். தாய்மொழிக் கல்வி வேரூன்ற இருமொழிப் புலமையாளர் ஒரு தலைமுறை முன்கூட்டியே தேவைப்பட்டது.

தீவகத்துக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்பவர் உண்டு. கடலுக்கு இக்கரையில் நின்றுவிட்ட கல்வியாக இது இருந்திருந்தால் கேள்வி கூர்மையானதே. ஆனால் 1832-லேயே உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சுதேச சுவிசேஷ சங்கம் ஒன்றை அமைத்து, தம் பணத்தில் தீவுகளுக்கு ஊழியரை அனுப்பத் தொடங்கினார்கள். நெடுந்தீவும் புங்குடுதீவும் அந்த ஊழியத்துக்குள் வந்தன. அமெரிக்க மிசன் சபை தன் கணக்குப்புத்தகத்தை மூடினாலும் வேலை நிற்காதபடி, பொறுப்பின் ஒரு பகுதி முன்பே உள்ளூர்க் கைக்கு மாறியிருந்தது. 1841-இல் இருமொழி இதழாகத் தொடங்கிய உதயதாரகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் படித்த தமிழர்கள்தாம். பத்திரிகையும் சங்கமும் பழைய மாணவரும் சேர்ந்த இந்த வலைதான் 1867-இல் உயர்கல்விக்கூடம் மீண்டும் வேண்டும் என்று கேட்டது. 1872-இல் பழைய வளவிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. 1823-இல் திட்டம் போட்டவர்கள் வெளியார். இம்முறை கேட்டவர்கள் ஊரார். இரண்டாவது தொடக்கம் முதலாவதைவிட நீண்டு நிலைத்ததற்கு இந்த வேறுபாட்டையே முதற்காரணமாகக் கொள்கிறேன்.

இன்னொரு ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. செமினரியில் படித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளாள ஆண்பிள்ளைகள். பெண்களுக்கு 1824-இல் உடுவிலில் தனி விடுதிப்பள்ளி தொடங்கியது. அது ஆசியாவிலேயே முன்னோடியானது என்றாலும் பஞ்சாங்கக் கணிதமும் மெய்யியலும் அங்கே போகவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு இந்த உயர்கல்வியின் வாசல் திறக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அமைதியாக இருந்து சிந்திப்பதற்கு ஓர் இடம் வேண்டுமானால் யாரோ சமைக்கவும் தண்ணீர் அள்ளவும் வேண்டியிருந்தது. அவர்கள் பெயர் பதிவேட்டில் இல்லை. இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லக்கூடியது இவ்வளவே: அந்தக் கல்வி தன்னைத் தானே கண்டிக்கும் ஆட்களையும் காலம் கடந்தேனும் உண்டாக்கியது. யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலில் 1924-இல் பிறந்து, ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் நடத்திய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்தது. 1927-இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்கள். பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும், தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று பேசியவர்களும் அவர்களே. ஆண்டர்சனின் மொழிக்கொள்கையின் நல்ல பாதியை, அவர் கனவிலும் காணாத அரசியலோடு, அவர் மூடிய வளவின் பிள்ளைகளே மீட்டெடுத்தார்கள்.

பிற்காலத்து மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1960-இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைக் கையேற்றபோது யாழ்ப்பாணக் கல்லூரி கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக நின்றது. பொருளாதாரத்தில் அது பெரும் பாரம். லண்டன் வெளிவாரிப் பட்டங்களுக்குப் பயிற்றிய அதன் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த வளவு, 1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடத்துக்கு முதல் வீடானது. கலைப்பிரிவு திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவில் அமைந்தது. கிறிஸ்தவ மிசன் வளவொன்றும் சிவன் கோயிலைக் கொண்ட சைவ வளவொன்றும் சேர்ந்தே வடக்கின் முதல் பல்கலைக்கழகம் பிறந்தது. சில ஆண்டுகளில் விஞ்ஞானமும் திருநெல்வேலிக்குப் போனது. வட்டுக்கோட்டை மறுபடியும் பள்ளிக்கூட ஊரானது.

ஆனால் ஹொய்சிங்டன் தொட்ட வேலை அங்கேயே தொடர்ந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணத் திருமண்டலம் 1947-இல் உருவானபோது அதன் முதற்பேராயரானவர் சபாபதி குலேந்திரன். அவருடைய பேராலயம் வட்டுக்கோட்டையின் பழைய கோயில். அருள் என்ற கொள்கை கிறிஸ்தவத்திலும் இந்து சமயங்களிலும் எப்படி விளங்கிக்கொள்ளப்பட்டது என்று ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1964-இல் வெளியானது. தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். ஹொய்சிங்டனின் மொழிபெயர்ப்புகளுக்கும் குலேந்திரனின் நூலுக்கும் இடையே சரியாக 110 ஆண்டுகள். இம்முறை சைவ நூல்களின் முன்னால் அமர்ந்து யோசித்த கிறிஸ்தவர் தமிழர். எழுதியது மறுப்பதற்கென்பதைவிட விளங்கிக்கொள்வதற்கே. 1855-இல் ஆண்டர்சன் குழு எடுத்த தீர்மானத்தில் இதைத் தடுக்கும் வாசகம் எதுவும் இருந்திருக்க முடியாது.