மிகுதியும் மிகையும்

ஒரு பண்பின் அளவை உயர்த்திக் காட்டும் சொற்கள் எல்லா மொழிகளிலும் உள. ஒரே பொருளன போலத் தோன்றினும், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பதில்லை. இதனை உணரும் வாய்ப்பை வரலாறு புதுச்சேரிக்கு வழங்கிற்று. 1674 இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு வந்தமர்ந்தார். பிரெஞ்சு ஆட்சி நீங்கியது 1954 நவம்பர் 1 அன்று. இடையே பிறர் கைப்பற்றியிருந்த காலங்கள் நீங்கலாக, ஆள்வோர் மொழி பிரெஞ்சு. மக்கள் மொழி தமிழ். 1855 இல் தமிழ்-பிரெஞ்சு அகராதி ஒன்றன் முதற்பாகம் இந்நகரிலேயே அச்சேறியது.

பிரெஞ்சில் 'த்ரே' என்றால் மிகவும். 'த்ரோ' என்றால் வேண்டிய அளவுக்கு மேல். ஆங்கிலத்தில் 'வெரி', 'டூ' என்பனவும் இவ்வாறே வேறுபடும். வரி உயர்ந்திருக்கிறது என்பதைத் 'த்ரே' சேர்த்துச் சொன்னால் அது செய்தி. 'த்ரோ' சேர்த்துச் சொன்னால் அது முறையீடு. இரண்டையும் 'மிகவும்' என்றே ஒருவர் மொழிபெயர்த்துவிட்டால், மனுவில் சொற்கள் இருக்கும். குடிமகனின் குறை மறைந்துபோகும்.

தமிழில் இச்சொற்களின் வரலாறு நெடியது. தொல்காப்பியர் உரியியலில் உறு, தவ, நனி என்னும் மூன்றுக்கும் மிகுதிப்பொருள் கூறினார். பின்வந்த பவணந்தியார் சால, கூர், கழி என்பவற்றையும் உடன் சேர்த்தார். இவற்றுள் 'கழி' கருதத்தக்கது. கடந்து செல்லுதலைக் குறிக்கும் கழிதலோடு உறவுடைய அச்சொல், கழிபெருங்காதல் என்னுமிடத்து மிகுதியையே உணர்த்துகிறது. 'த்ரே' என்பதும் 'அப்பால்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. எல்லை கடத்தலைச் சுட்டிய சொல், இரு மொழியிலும் வெறும் மிகுதிக்கு உரியதாயிற்று.

நாம் நாள்தோறும் வழங்கும் 'ரொம்ப' என்பதோ 'நிரம்ப' என்பதன் திரிபு. கலம் விளிம்புவரை நிறைவது நிரம்புதல். அதற்குமேல் ஊற்றினால் வழியும். நிறைவு வேறு, வழிதல் வேறு. ஆயினும் 'ரொம்பச் சூடு' என்னும்போது இரண்டனுள் எது என்பதைக் கேட்போரே உய்த்துணர வேண்டியுள்ளது.

'த்ரோ' என்பதற்கு நேரான தனிச்சொல் அன்றாடத் தமிழில் அருகியே காணப்படினும், அக்கருத்து நமக்குப் புதிதன்று. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. அங்கே 'அளவு' வெளிப்படையாகவே நிற்கிறது. மிகுதியைக் கண்டு சொல்லலாம். மிகையென்று தீர்ப்பதற்கோ ஓர் அளவுகோல் வேண்டும். ஆதலின் மிகை என்று யாரேனும் முறையிடும்போது, 'எந்த அளவுக்கு மேல்?' என்று வினவியறிந்து பெயர்ப்பதே மொழிபெயர்ப்பாளர் கடமை. கேட்டு நீதி வழங்குவோர் கடமையும் அதுவே.