செயின்ட் பேட்ரிக்ஸ் டே: பப்புக்கு பூட்டு போட்ட திருநாள், குடித்திருவிழா ஆனது எப்படி?

அமெரிக்காவின் சிகாகோ நகரில், தெற்குப் பகுதியில் 1979ஆம் ஆண்டு ஒரு குட்டி ஊர்வலம் நடந்தது. கலந்துகொண்டது மொத்தமே 17 குழந்தைகள். அயர்லாந்து வம்சாவளிக் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் ஏரியா அது. சின்ன வயதில் தாங்கள் பார்த்த ஊர்வலத்தை தங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று அக்கம்பக்கத்து அப்பாக்கள் செய்த ஏற்பாடு.

சரியாக 30 வருஷம் கழித்து, 2009 மார்ச்சில், அதே ஊர்வல நாளில் 50 பேருக்கு மேல் கைது. காரணம், குடி. காலையிலேயே முழு போதையில் வந்து இறங்கிய இளைஞர் கூட்டம், தெருச்சண்டை, போலீஸாருடன் மோதல். "இப்படியே இதை இனி நடத்த முடியாது" என்ற முடிவுக்கு வந்த விழாக் குழு, 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஊர்வலத்தையே நிறுத்திவிட்டது.

செயின்ட் பேட்ரிக்ஸ் டே என்றால் இன்று உலகம் முழுக்க பலருக்கும் நினைவுக்கு வருவது பச்சைத் தொப்பியும் பச்சை பீரும்தான். ஆனால் இந்த நாள் பிறந்த அயர்லாந்தில், ஒரு காலத்தில் இதே நாளில் ஒரு சொட்டு சரக்கு கிடைக்காது. பப்புகளை மூடச் சொல்லி சட்டமே இருந்தது. அப்போ, எங்கே மாறியது?

யார் இந்த பேட்ரிக்?

அயர்லாந்தின் காவல் புனிதர். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சுவாரஸ்யம் என்னவென்றால், அவர் அயர்லாந்துக்காரரே இல்லை. ரோமானியர் ஆட்சியில் இருந்த பிரிட்டனில் பிறந்தவர். சுமார் 16 வயதில் அயர்லாந்துக் கொள்ளையர்களால் கடத்தப்பட்டு, ஆறு வருஷம் அடிமையாக ஆடு மேய்த்திருக்கிறார். தப்பித்து ஊர் திரும்பியவர், பின்னாளில் பாதிரியாராகி, தன்னை அடிமையாக்கிய அதே மண்ணுக்கு மதப்பணி செய்யத் திரும்பிப் போனார். மார்ச் 17 அவர் இறந்த நாள் என்று நம்பப்படுகிறது.

அயர்லாந்தில் இருந்த பாம்புகளை எல்லாம் அவர் கடலுக்குள் விரட்டிவிட்டார் என்ற கதை வெறும் கதைதான். பனி யுகத்துக்குப் பிறகு அந்தத் தீவில் பாம்பே இருந்ததில்லை. மூன்று இலை கொண்ட ஷாம்ராக் செடியைக் காட்டி, 'தந்தை, மகன், தூய ஆவி' என்ற மூவொரு கடவுள் கொள்கையை விளக்கினார் என்பதும் மரபுக் கதை. இந்த ஷாம்ராக்கை சட்டையில் குத்திக்கொண்டு காலையில் சர்ச்சுக்குப் போவது, வீட்டில் விருந்து சாப்பிடுவது, இதுதான் பழைய கொண்டாட்டம்.

(சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. அடையாறில் இருக்கும் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி, அயர்லாந்தில் 1808ல் தொடங்கப்பட்ட புனித பேட்ரிக் சகோதரர்கள் சபையின் பள்ளிதான்.)

அப்போ குடியே இல்லையா?

இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. மார்ச் 17 எப்போதும் தவக்காலத்துக்குள்தான் வரும். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் கறி, மது என்று வாயைக் கட்டி இருப்பவர்களுக்கு, நடுவில் வரும் இந்த ஒரே ஒரு நாள் விலக்கு. 'பேட்ரிக் கோப்பை' என்று ஒரு கோப்பை குடிப்பது வழக்கம். கடைசி கோப்பையில் சட்டையில் குத்தியிருந்த ஷாம்ராக்கைப் போட்டு, குடித்து முடித்ததும் அதை எடுத்து இடது தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார்கள். 'ஷாம்ராக்கை மூழ்கடிப்பது' என்று இதற்குப் பெயர்.

ஒரு கோப்பை பல கோப்பைகள் ஆனதும் அந்தக் காலத்திலேயே நடந்தது. அதை எதிர்த்து மதுவிலக்குப் பிரசாரமும் நடந்தது. 1838ல் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் தொடங்கிய இயக்கத்தில் லட்சக்கணக்கான மக்கள் 'இனி குடிக்க மாட்டேன்' என்று சத்தியம் செய்தார்கள். 1898ல் டப்ளினில் 'பயனியர்' என்ற மதுவிலக்குச் சங்கம் உருவானது. அதன் உறுப்பினர்கள் சட்டையில் குத்தும் சின்ன பின், அயர்லாந்தில் ரொம்பப் பிரபலம். 'குடிகார தேசம்' என்று முத்திரை குத்தப்படும் அதே நாட்டில்தான் இத்தனையும் நடந்தது.

பப்புக்கு பூட்டு

1903ல் இந்த நாள் அயர்லாந்தில் பொது விடுமுறை ஆனது. அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஓமாரா என்ற எம்.பி. அப்போது அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால், சட்டம் நிறைவேறியது லண்டன் நாடாளுமன்றத்தில். லீவு விட்டால் கூட்டம் நேராக பப்புக்குத்தான் போகும் என்ற பயம் அப்போதே இருந்தது. அயர்லாந்து மொழிக்காகப் பாடுபட்ட கேலிக் லீக் அமைப்பு, அந்த நாளில் மதுக்கடைகளை மூடும்படி கடைக்காரர்களிடம் பிரசாரமே செய்தது.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அது சட்டமாகவே வந்துவிட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்தில் மூன்று நாள் மது விற்பனைக்குத் தடை: கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, செயின்ட் பேட்ரிக்ஸ் டே. முப்பது வருஷத்துக்கும் மேல் இந்த நிலைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாளில் டப்ளினில் சட்டப்படி சரக்கு கிடைத்த ஒரு சில இடங்களில் ஒன்று, பால்ஸ்பிரிட்ஜில் நடந்த நாய்க் கண்காட்சி! அந்தக் கண்காட்சியில் பார் திறக்க அனுமதி. நாய் என்றாலே அலறுகிறவர்கள்கூட அன்றைக்கு மட்டும் நாய்ப் பிரியர்களாக மாறிவிடுவார்கள் என்பது டப்ளின்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

1960ல் சட்டம் தளர்த்தப்பட்டு பப்புகள் திறந்தன. புனித வெள்ளித் தடைக்கு ஆயுள் இன்னும் நீளம். அது 2018ல்தான் நீங்கியது. அதன் பிறகு மார்ச் 17 அன்று பப்புகள் மொத்தமாக மூடிக் கிடந்தது 2020லும் 2021லும். அதற்குக் காரணம் கொரோனா.

கடல் தாண்டிப் போனதும் மாறியது

இன்று நாம் பார்க்கும் கொண்டாட்டம் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. நியூயார்க் ஊர்வலத்தின் வரலாறு 1762ல் தொடங்குகிறது. பிழைக்கப் போன இடத்தில் "நாங்களும் இருக்கிறோம்" என்று அயர்லாந்து மக்கள் காட்டிக்கொள்வதற்கான மேடை அது. வேலை கிடைப்பதே கஷ்டம், போதாக்குறைக்கு மதத்தைச் சொல்லி ஒதுக்குவார்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் அயர்லாந்துக்காரர் என்றால் குரங்கு முகமும் கையில் பாட்டிலுமாகத்தான் கார்ட்டூன் வரும். புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் வரைந்தவை இன்றும் அதற்குச் சாட்சி.

கொடுமை என்னவென்றால், 150 வருஷம் முன்பு அவமானப்படுத்துவதற்காக வரைந்த அந்தக் குடிகார உருவத்தை, இன்று பனியனில் அச்சடித்து அந்த நாளிலேயே விற்கிறார்கள். வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்பதே சந்தேகம். அயர்லாந்தில் நடந்த வெடிகுண்டுத் தாக்குதல்களை நினைவூட்டும் 'கார் பாம்' என்ற பெயரில் ஒரு காக்டெயில்கூட அமெரிக்க பார்களில் உண்டு. அதில் பலியானவர்களின் குடும்பங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அயர்லாந்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் என்ன மரியாதை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கெங்கே பிரச்னை?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊர். 2012 மார்ச் 17 இரவு, மாணவர்கள் அதிகம் தங்கியிருக்கும் ஃப்ளெமிங் டிரைவ் தெருவில் சுமார் ஆயிரம் பேர் திரண்டார்கள். பாட்டில்களும் செங்கற்களும் பறந்தன. செய்தி எடுக்கப் போன டிவி சேனல் வேனுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஆம்ஹர்ஸ்ட்டில் கதை வேறு. மார்ச் 17 பெரும்பாலும் பல்கலைக்கழக விடுமுறையில் வந்துவிடும் என்பதால், மாணவர்கள் அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமையைப் பிடித்து குடிக் கொண்டாட்டம் நடத்துவார்கள். 2014ல் அது கலவரமாகி 50 பேருக்கு மேல் கைதானார்கள். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் வேறு வழியை யோசித்தது. அதே நாளில் பெரிய இசைக் கச்சேரி, விடுதியில் வெளி விருந்தாளிகளுக்குத் தடை. கைது எண்ணிக்கை பெருமளவு குறைந்துபோனது.

வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் 'ஹோலிலேண்ட்' என்றே ஒரு ஏரியா இருக்கிறது. ஜெருசலேம் தெரு, டமாஸ்கஸ் தெரு, கெய்ரோ தெரு என்று புனித பூமிப் பெயர்கள். குவீன்ஸ் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மாணவர் குடியிருப்பு அது. மார்ச் 17 நெருங்கினாலே அங்கே காலங்காலமாக வாழும் வயதானவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வாசலில் வாந்தி, உடைந்த பாட்டில், விடிய விடிய கூச்சல். போலீஸ் குவிப்பதும், "சிக்கினால் ஒழுங்கு நடவடிக்கை" என்று பல்கலைக்கழகங்கள் எச்சரிப்பதும் வாடிக்கை.

நியூஜெர்சியின் ஹோபோக்கன் நகரம்தான் இதில் ரொம்பச் சோகம். 1986 முதல் நடந்துவந்த ஊர்வலம். சனிக்கிழமை வைத்தால் குடிகாரர்கள் குவிகிறார்கள், வார நாளில் வையுங்கள் என்றது நகர நிர்வாகம். விழாக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. 2012ல் ஊர்வலம் ரத்து. ஆனால் பார் பாராக ஏறி இறங்கும் குடி உலா மட்டும் நிற்கவே இல்லை. ஆக, ரத்தானது பேண்டு வாத்தியமும் குழந்தைகள் ஆட்டமும். மிச்சம் இருந்தது குடி.

ஒரு நாள் குடிதானே, என்ன ஆகிவிடும்?

அயர்லாந்து சுகாதாரத் துறைக் கணக்கில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால். ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி சாதாரண பீரில் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாண்டர்ட் டிரிங்க் இருக்கும். ஒரே அமர்வில் ஆறைத் தொட்டால் அது மிதமிஞ்சிய குடி. அதாவது மூணே பைன்ட். ஆண்களுக்கு ஒரு வாரத்துக்கே 17, பெண்களுக்கு 11 என்பதுதான் அங்கே சொல்லப்படும் வரம்பு. அதுவும் வாரம் முழுக்கப் பிரித்து, நடுவில் குடிக்காத நாட்களும் விட்டு.

கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குத் தோராயமாக ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்கைத்தான் கரைக்கும். பிளாக் காபி, பச்சைத் தண்ணிக் குளியல், மோர், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காலை ஊர்வலத்தில் தொடங்கி இரவு வரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டேதான் இருக்கும். போதையில் சுயநினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவருக்கு வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாயை அடைத்து உயிரே போகலாம். அப்படி யாராவது கிடந்தால் "தூங்கட்டும், தெளிஞ்சிடும்" என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே இருந்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பச்சை பீர் என்பது சாதாரண பீரில் கலர் பொடி, அவ்வளவுதான்.

என்ன செய்கிறார்கள்?

நியூயார்க்கில் புறநகர் ரயில்களில் அந்த நாளில் மது கொண்டுவரவும் குடிக்கவும் தடை. 2012 முதல் அதே நகரில் 'மதுவில்லா செயின்ட் பேட்ரிக்ஸ் டே' என்று இசை, நடனத்தோடு தனி விழா தொடங்கப்பட்டது. அயர்லாந்தில் 2018ல் தனிச் சட்டம் வந்து, 2022 ஜனவரி முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயம் ஆகியிருக்கிறது. 500 மில்லி பீர் கேன் ஒன்றை சுமார் 1.70 யூரோவுக்குக் கீழே விற்க முடியாது. உலகம் கிண்டல் செய்தாலும் அங்கே குடி குறைந்துதான் வருகிறது. 2001ல் வயதுவந்தோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 14 லிட்டருக்கு மேல் இருந்த சுத்த ஆல்கஹால் அளவு, இப்போது 10 லிட்டரை ஒட்டி வந்துவிட்டது.

சிகாகோ தெற்குப் பகுதி ஊர்வலம் 2012ல் திரும்பி வந்தது. இந்த முறை பொது இடத்தில் குடித்தால் துளியும் சலுகை இல்லை என்ற விதியோடு. தனியார் பாதுகாப்புப் படையும் அமர்த்தப்பட்டது. ஊர்வலம் மறுபடியும் குடும்பங்களின் ஊர்வலமாக நடக்கத் தொடங்கியது.

டப்ளினில் மார்ச் 18 காலைக்கும் போலீஸ் ஒரு வேலை வைத்திருக்கிறது. முந்தின நாள் இரவு 12 மணிக்கு ஆறாவது பைன்ட்டை முடித்துவிட்டு, காலை 8 மணிக்கு "தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சிட்டேன்" என்று கார் சாவியை எடுப்பவர்களை நிறுத்தி ஊதச் சொல்வதுதான் அது. அங்கே சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். டாக்ஸி, லாரி ஓட்டுபவர்களுக்கும் புதிதாக ஓட்டக் கற்பவர்களுக்கும் வெறும் 20.