உறக்கப்பையின் வரலாறு



விழித்திருக்கும் மனிதன் குளிரோடு போராடலாம். நடப்பான், ஓடுவான், கைகளைத் தேய்த்துக்கொள்வான். உறங்கிவிட்டாலோ அவனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே, குளிர்நாட்டுப் பயணங்களின் வரலாற்றைப் பயில்வோர், பகலில் கடந்த தூரத்தை மட்டுமன்றி இரவில் உறங்கிய முறையையும் நோக்குதல் வேண்டும். அம்முறையில் முதலிடம் பெறுவது உறக்கப்பை.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்வோம். உறக்கப்பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது, அவ்வளவே. அதனையும் துணியோ மயிரோ செய்வதைவிட, அவற்றினிடையே அசையாது தங்கிய காற்றே செய்கிறது. இக்கருத்தை மனத்திற்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

வேல்ஸ் நாட்டின் நியூட்டவுன் நகரிலே பிரைஸ் ஜோன்ஸ் என்ற வணிகர், 1876-ஆம் ஆண்டில் ‘யூக்ளிசியா’ என்னும் கம்பளி விரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். உடலைச் சுற்றி மடித்து மூடிக்கொள்ளத்தக்க அவ்விரிப்பில், காற்றடைக்கும் ரப்பர்த் தலையணையும் அமைந்திருந்தது. ரஷ்யப் படைக்கென 60,000 விரிப்புகள் கேட்கப்பட்டன. 1877-இல் பிளெவ்னா முற்றுகை முடிவுற்றதும், எஞ்சியவை வேண்டாமென்று நிறுத்தப்பட்டன.

ஆனால் பனிப்பாலைக்குக் கம்பளி போதுமா? நார்வே நாட்டு நான்சென் 1888-இல் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தபோது கலைமான் தோற்பைகளையே தேர்ந்தார். குழுவினர் அறுவர், பைகளோ இரண்டு. ஒரு பையில் மூவராக, ஒருவர் வெப்பத்தை மற்றவர் பகிர்ந்து உறங்கினர். கலைமானின் மயிரினுள்ளே காற்றறைகள் உண்டு. வடதிசைப் பழங்குடியினர் கல்லூரி கண்டு இதனைக் கற்கவில்லை. தலைமுறை தலைமுறையான பட்டறிவால் அறிந்திருந்தனர்.

அத்தகைய தோற்பையும் தோற்கும் இடம் ஒன்றுண்டு. 1911-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அன்டார்க்டிகாவின் குளிர்கால இருளிலே வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்டு ஆகிய மூவர், பேரரசப் பெங்குவின் முட்டைகளை நாடிக் குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். வெப்பநிலை சுழிக்குக் கீழே 60 செல்சியஸ் பாகை வரை இறங்கிற்று. அவர்களை வாட்டியது வெளிக்குளிர் மட்டுமன்று. மூச்சின் ஈரமும் வியர்வையும் பைக்குள்ளேயே உறைந்தன. உலர்த்த வெயில் இல்லை. நாள்தோறும் பனிக்கட்டி சேர்ந்து பையின் எடை ஏறிற்று. பை பலகைபோல் விறைத்தது. காலையில் எழுந்தவுடன், பையின் வாய் உறைந்து மூடிக்கொள்ளாதபடி தம் உடைமைகளை அதனுள் திணித்து வைப்பர். இரவில் அவற்றை நீக்கி, அத்துளை வழியே மெல்ல மெல்ல உடலை நுழைப்பர். மூன்று முட்டைகளுடன் ஆகஸ்ட் முதல் நாள் உயிரோடு மீண்டனர். அறிவு வேட்கைக்கு அவர்கள் கொடுத்த விலையை நினைந்தால் நம் நெஞ்சம் நெகிழாதோ? அவருள் வில்சனும் பவர்ஸும் மறு ஆண்டு, தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் தலைவர் ஸ்காட்டுடன் உயிர்நீத்தனர்.

அதே 1911-இல், டிசம்பர் 14-ஆம் நாள் தென்துருவம் அடைந்த அமுண்ட்சென், முன்னரே நெட்சிலிக் இன்யூட் மக்களிடையே வாழ்ந்து மயிர்த்தோலாடையின் நுட்பங்களைக் கற்றவர். எனினும் அவர் சென்றது கோடைப் பருவம். அம்மூவர் சென்றதோ நடுக்குளிர்காலம். இவ்வேறுபாட்டை மறந்து இருவரையும் ஒப்பிடுதல் நீதியாகாது.

பின்னர்ப் பறவைகளின் மென்தூவி நிறைத்த பைகள் பெருவழக்காயின. எடை குறைவு, வெப்பக் காப்பு மிகுதி. ஆயினும் நனைந்தால் தூவி ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடமிராது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட பாலியெஸ்டர் இழை இக்குறைக்கு மாற்றாயிற்று. அது நீரை அதிகம் உறிஞ்சாது. ஈரத்திலும் ஓரளவு காக்கும். ஆனால் எடையும் பருமனும் மிகுதி. எனவே வறண்ட கடுங்குளிருக்குத் தூவியும், மழையும் ஈரமும் மிகுந்த குளிருக்குப் பாலியெஸ்டரும் ஏற்றவை. வெப்பமும் கொசுவும் மலிந்த காட்டிலோ பையே மிகை. கொசுவலையோடு கூடிய தூங்குமஞ்சமும் மெல்லிய பருத்திப் போர்வையும் போதும்.

அடிவிரிப்பின் அருமையையும் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்த நாளில் சாரணர் மாணவர்களை நீலகிரிக்கு அழைத்துச் சென்றதுண்டு. இரண்டு கம்பளி போர்த்தும் நடுங்கிய சிறுவன் ஒருவனுக்கு, அடியில் வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்தோம். நடுக்கம் நீங்கி உறங்கினான். உடற்பாரத்தால் அடியிலுள்ள துணி நசுங்கிக் காற்றை இழக்கிறது. தரையின் குளிர் ஏறுகிறது. உறக்கப்பைக்கும் இவ்விதியே.

2002-இல் ஐரோப்பாவில் உறக்கப்பைக்கான பொது அளவுமுறை வகுக்கப்பட்டது. வெப்பமூட்டிய மனித உருவொன்றைப் பைக்குள் கிடத்திச் சோதித்து, சுகமாக உறங்கத்தக்க வெப்பநிலை, எல்லை வெப்பநிலை, உயிர் தப்பவே உதவும் கடைநிலை எனப் பிரித்துக் குறிப்பர். மலையேறச் செல்லும் இளைஞர்கள் முதல் எண்ணையே நம்புக; கடைநிலை எண்ணை நம்பி உறங்கச் செல்லுதல் பேதைமை.

ஒரு நாட்டுக்குப் பொருந்திய பொருள் மற்றொரு நாட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். செல்லும் இடத்தின் குளிரையும் ஈரத்தையும் முன்னரே விசாரியுங்கள். அங்கே வாழும் மக்களின் பட்டறிவைப் பணிவோடு கேளுங்கள். காலையில் பையை வெயிலில் உலர்த்த மறவாதீர்கள். வெயிலற்ற இருளில் அம்மூவர் பட்ட துயரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.